ஏழாம் கூண்டுக் குஞ்சு

என் ஓரகத்திக்கு வேலை, கோழி எச்சம் பார்ப்பது. இதைக் கேட்டு யாராவது சிரித்தால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஆனால் கல்யாணமாகி வந்த புதிதில் முதல் ஆளாகச் சிரித்தவள் நான்தான். "உங்க அண்ணி என்ன வேலை பாக்குறாங்க?" என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் முகத்தை இம்மியும் மாற்றாமல், "கோழி எச்சம் போட்டா, அதை எடுத்துப் பாப்பாங்க" என்றார். என்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்து அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

கேலி இல்லை. அக்கா, அப்படித்தான் ஓரகத்தியை நான் கூப்பிடுவேன், கால்நடை ஆய்வகத்தில் டெக்னீஷியன். சுற்றுவட்டாரத்துக் கறிக்கோழிப் பண்ணைகளில் எங்கே குஞ்சுகள் இறகைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாலும், எச்சம் அவளிடம்தான் வரும். பண்ணைக்காரர்கள் அவளுக்கு 'எச்சக்கா' என்று பேரே வைத்துவிட்டார்கள். நானாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அவளோ போனை எடுத்ததும், "எச்சக்காதான் பேசுறேன், சொல்லுங்க" என்பாள்.

அவர்கள் எச்சம் கொண்டுவருகிற லட்சணத்தைப் பார்க்க வேண்டும். ஆய்வகத்துக்குப் போகிறதே, கௌரவமாக இருக்க வேண்டாமா என்று, ரத்தம் கலந்ததையும் நீர்த்துப் போனதையும் ஒதுக்கிவிட்டு, உருண்டையாக, சுத்தமாக இருப்பதைப் பொறுக்கி, இனிப்பு டப்பாவில் அடைத்து எடுத்து வருவார்கள். அக்கா டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு இடுப்பில் கை வைப்பாள். "இதை நான் என்ன கண்காட்சியிலயா வைக்கப் போறேன்? போய் நாறுறதைக் கொண்டாங்கய்யா!" அவர்களும் சிரித்துக்கொண்டே திரும்பிப் போய் நாறுகிறதைக் கொண்டுவருவார்கள்.

ஒரு தடவை அவளுடைய அறைக்குப் போயிருக்கிறேன். கட்டடத்தின் கடைசி அறை. ஜன்னலோரம் மைக்ரோஸ்கோப், பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி, அலமாரி நிறைய மூடி போட்ட சின்னக் குப்பிகள். எச்சத்தைத் தண்ணீரில் கரைத்து, டீ வடிகட்டியில் வடிகட்டி, உப்புத் தண்ணீரில் கலந்து வைத்தாள். நன்றாக உப்பு கரைத்த தண்ணீரில் ஒட்டுண்ணியின் முட்டைகள் மேலே மிதந்து வந்துவிடுமாம். மேலாக ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து எடுத்து, மைக்ரோஸ்கோப்பில் பொருத்தி, "பாரு" என்றாள். பார்த்தேன். வெளிச்சத்துக்கு நடுவே வழவழவென்று முட்டை முட்டையாக எத்தனையோ கிடந்தன. அழகாக இருந்தன என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவள் வீட்டில் டீ குடிக்க மட்டும் எனக்கு மனசு வரவில்லை. "அந்த வடிகட்டி வேற, இந்த வடிகட்டி வேறடி, பைத்தியம்" என்று தலையில் குட்டினாள்.

இந்த ஒட்டுண்ணி கொடுக்கும் நோய்க்குப் பண்ணைகளில் ரத்தக் கழிச்சல் என்று பேர். ஒட்டுண்ணிக்கு உடம்பு முழுவதுமே ஒரே ஒரு செல்தான். கோழியின் குடலுக்குள் புகுந்து அறுத்துப் பெருகி, எச்சத்தோடு முட்டையாக வெளியே வந்து, தரையில் பரப்பிய மரத்தூளின் ஈரத்தில் அடுத்த கோழி கொத்தும்வரை படுத்துக் கிடக்கும். பிளீச்சிங் பவுடர் போட்டாலும் அசைந்து கொடுக்காது. அதில் பல இனம் உண்டு. எந்த இனம் என்பதை மைக்ரோஸ்கோப்பும், கோழியின் குடலில் எந்த இடம் புண்ணாகியிருக்கிறது என்பதும் சொல்லும். ஆனால் இரண்டு பண்ணையில் ஒரே இனம் இருந்தால், அது ஒரே இடத்திலிருந்து வந்ததா என்று சொல்ல அவை போதாது. அதற்கு உள்ளே இருக்கும் டி.என்.ஏ.வை எடுத்து, மெஷினில் பெருக்கி, எழுத்து எழுத்தாகப் படிக்க வேண்டும். ஆய்வகத்தில் அதை 'டைப் பார்ப்பது' என்பார்கள்.

அக்காவுக்குப் பிள்ளை இல்லை. இப்படி யாராவது சொன்னால் என் வீட்டுக்காரர், "அப்ப நான் யாரு?" என்று சண்டைக்கு வருவார். அவள் இந்த வீட்டுக்கு வந்தபோது அவர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாராம், தாய் இல்லாத பையன். என் கல்யாணத்துக்குப் பிறகும் அவருக்கு ஜுரம் என்றால் முதலில் அக்காவுக்குத்தான் போன் போகும். எனக்கு அதில் பொறாமை இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

ஆய்வகத்தின் பின்பக்கம் குஞ்சு அறை என்று ஒன்று உண்டு. ஒட்டுண்ணியை ஃப்ரிட்ஜில் வைத்துக் காலம் தள்ள முடியாது, செத்துப்போகும். அதனால் அவ்வப்போது சில குஞ்சுகளுக்கு அதைக் கொடுத்து, அவை போடும் எச்சத்திலிருந்து புதிதாக எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஏழாம் கூண்டுக் குஞ்சுக்கு மட்டும் எதையும் கொடுக்க மாட்டார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஆரோக்கியமாக ஒன்று வேண்டுமே. வேலை முடிந்ததும், ஆரோக்கியமானதையும் சேர்த்து எல்லாவற்றையும் கொன்றுவிட வேண்டும் என்பது சட்டம். அக்கா வருஷக்கணக்காக அதைச் செய்துகொண்டிருந்தாள். அந்த நாட்களில் வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டில் கை வைக்க மாட்டாள்.

ஒரு முறை என்னவோ அவளால் முடியவில்லை. ஏழாம் கூண்டுக் குஞ்சு, கையை உள்ளே விட்டபோதெல்லாம் வந்து வளையலைக் கொத்திக்கொண்டிருந்ததாம். அதன் எச்சத்தை எத்தனையோ தடவை பார்த்தாயிற்று, ஒரு முட்டைகூட இல்லை. இத்தனை சுத்தமானதை எதற்குக் கொல்ல வேண்டும் என்று தோன்றிவிட்டது. சாப்பாட்டுப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

பெரியவர், அதாவது அவள் புருஷன், தலையில் அடித்துக்கொண்டார். வீட்டுக்குப் பின்னால்தான் அவருடைய கோழிக் கொட்டகை. "அங்க ஆயிரக்கணக்குல கத்துது, உனக்கு இது ஒண்ணுதான் குறைச்சலா?" என்றார். சில நாட்களிலேயே அந்தக் குஞ்சைத் தோளில் ஏற்றிக்கொண்டு திரிந்தவர் அவரேதான். மகாராணி என்று பேர் வைத்தவரும் அவரே. மகாராணியும் அவர் தோளில் உட்கார்ந்தபடி கொட்டகைக்குள் போய், சிந்திய தீவனத்தைக் கொத்திவிட்டு வரும். வேறு ஆள் யாராவது இப்படி வெளிக்கோழியைக் கொட்டகைக்குள் தூக்கிக்கொண்டு போனால் கையை ஒடித்துவிடுவார்.

அதற்கு அடுத்த மாதம் அவர் கொட்டகையில் ரத்தக் கழிச்சல் வந்தது. மூலையில் தொடங்கி ஒரே மூச்சில் பரவி, மரத்தூளெல்லாம் செந்நிறமாகி, கோழிகள் கும்பல் கும்பலாகச் சாய்ந்தன. மருந்து கலப்பதற்குள் பாதி போய்விட்டது.

எங்கள் கொட்டகை அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. அதற்குச் சில வாரங்களுக்கு முன் எங்களுக்கும் ஒரு மூலையில் இதே கழிச்சல் வந்து, உடனே மருந்து கொடுத்து அடக்கியிருந்தோம். அந்தச் சமயத்தில்தான் என் வீட்டுக்காரர் அண்ணனுக்குத் தண்ணீர்க் குழாய் மாற்றிக் கொடுக்கப் போயிருந்தார். அவசரத்தில் எங்கள் கொட்டகையில் போடும் அதே ரப்பர் செருப்போடு போய்விட்டார். போதாதா? தீவன லாரி வந்து நின்ற நேரம், மூட்டை இறக்குகிறவர்களும் மற்றப் பண்ணைக்காரர்களும் கூடியிருந்தபோது, பெரியவர் கத்தினார்.

"உன் கால்லதான்டா வந்துச்சு! பாதி கோழியைக் கொன்னுட்டு நிக்கிற. இனி என் கொட்டகைப் பக்கம் வராத!"

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி நடந்தார். அவரே அதை நம்பிவிட்டார், அதுதான் கொடுமை. அடுத்த நாளிலிருந்து மற்றப் பண்ணைக்காரர்களும், "தப்பா நினைக்காதப்பா, கொஞ்ச நாளைக்கு வர வேணாம்" என்று வாசலிலேயே நிறுத்தினார்கள். லாரிக்காரர் மூட்டைகளை எங்கள் ரோட்டு முனையிலேயே இறக்கிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் வேலை முடித்து வந்து வாளி நிறைய மருந்துத் தண்ணீர் ஊற்றிக் காலைத் தேய்க்கத் தொடங்கினால் நிறுத்தவே மாட்டார், தோல் உரிந்து சிவக்கும் வரை. கடைசியில் ஒரு நாள், வெகு தூரத்து நகரத்தில் லாரி ஓட்டும் வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டேன், மாதம் முடிந்ததும் கிளம்பலாம் என்றார். கொட்டகையை வேறு ஆளுக்குக் கைமாற்றிவிடப் பேச்சும் நடந்தது.

நான் நேராக அக்காவிடம் போனேன்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா. அவரு அப்படிப்பட்டவர் இல்லைன்னு உங்க வாயால சொன்னா மாமா கேட்பாரு."

அக்கா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். "அவன் குணம் எனக்குத் தெரியும்டி. ஆனா அவன் செருப்புல என்ன ஒட்டியிருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதே. பாக்காம எப்படிச் சொல்றது?"

"வளத்த பிள்ளைக்கும் டெஸ்டா?" என்று கத்திவிட்டு வந்தேன். வழியெல்லாம் அவளைத் திட்டினேன். கல்நெஞ்சக்காரி என்று என் வீட்டுக்காரரிடமும் சொன்னேன். 

அக்கா வந்து எங்கள் கொட்டகையின் மூலைகளில் தானே குனிந்து எச்சம் எடுத்தாள். அவர்கள் கொட்டகையிலும் எடுத்தாள். மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு முதல் நாளே போன் செய்தாள். "ரெண்டும் ஒரே இனம்டி." நான் போனிலேயே அழுதுவிட்டேன். "அழாத. இனம் ஒண்ணுதான். ஒரே வீட்டுப் பிள்ளைகளான்னு இன்னும் பாக்கலை. டைப் வரட்டும்" என்றாள்.

அதன் பிறகு நடந்ததை அவள் பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும். டைப் வந்தது. எங்கள் கொட்டகையில் இருந்தது ஒன்று, அவர்கள் கொட்டகையில் இருந்தது வேறு. அந்த நிமிஷம் அவளுக்கு எழுந்து ஆட வேண்டும் போல இருந்ததாம். தம்பி செருப்பில் வரவில்லை! ஆனால் அவர்கள் கொட்டகையின் எழுத்துகளை இன்னொரு தடவை படித்தாள். அதில் ஓரிடத்தில் ஒரு மாற்றம் இருந்தது. எந்தப் பண்ணையிலிருந்து வந்த எச்சத்திலும் அவள் அதைப் பார்த்ததில்லை. ஒரே ஓர் இடத்தில்தான் பார்த்திருக்கிறாள். குஞ்சு அறையில், அவளே வருஷக்கணக்காக வளர்த்துக் காப்பாற்றி வைத்திருந்த ஆய்வகத்து ஒட்டுண்ணியில்.

முதலில் தன் மேஜையைச் சந்தேகப்பட்டாள். ஆய்வகத்து ஒட்டுண்ணி ஒரு துளி எங்காவது தெறித்துக் கலந்திருக்கலாம், அப்படி நடப்பது உண்டு. மேஜையைத் துடைத்து, புதுக் குப்பிகள் எடுத்து, புதிதாக எச்சம் எடுத்து வந்து மறுபடி செய்தாள். வெறும் தண்ணீரையும் கூடவே மெஷினில் வைத்தாள், கலப்படம் இருந்தால் அதிலும் தெரிய வேண்டும் என்று. தண்ணீரில் ஒன்றும் வரவில்லை. கொட்டகை எச்சத்தில் அதே மாற்றம் வந்தது. வேறு அறையில் வேலை பார்க்கும் தோழியிடம், எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள். அவளும் அதையேதான் படித்துச் சொன்னாள். "என் வாழ்க்கையிலயே, கலப்படமா இருக்கக் கூடாதான்னு வேண்டிக்கிட்டது அன்னிக்குத்தான்" என்றாள் அக்கா.

வீட்டுக்குப் போய் மகாராணி படுக்கும் கூடையின் அடியைச் சுரண்டி எடுத்துப் பார்த்தாள். அதிலும் அதே டைப் இருந்தது.

எப்படி என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குஞ்சு அறையின் தூசியிலோ தண்ணீரிலோ கடைசி நேரத்தில் ஏழாம் கூண்டுக்கும் லேசாகத் தொற்றியிருக்கிறது, குஞ்சு நோயில் படுக்காத அளவுக்கு. உள்ளே புகுந்த ஒட்டுண்ணி முட்டையாக வெளியே வரக் கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆகும். அதுவரை எச்சம் சுத்தமாகத்தான் இருக்கும். அந்த இடைவெளியில்தான் அவள் பார்த்துவிட்டு, சுத்தம் என்று பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற விஷயம் இது. ஒரு குஞ்சின் முகத்தைப் பார்த்ததும் மறந்துபோனது.

ஆய்வகத்துப் பெரிய ஆபீசர் அம்மாவிடம்தான் முதலில் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாராம். "நீயா வந்து சொல்லலைன்னா எனக்குத் தெரியவே போறதில்லையேம்மா" என்றாராம் பிறகு. "எனக்குத் தெரியுமே மேடம்" என்றாளாம் அக்கா. விசாரணை முடியும்வரை குஞ்சு அறைப் பக்கமும் மெஷின் பக்கமும் போகக் கூடாது, முன்வாசலில் உட்கார்ந்து டப்பா வாங்கி வைக்கிற வேலை மட்டும்தான் என்று உத்தரவு வந்தது. மகாராணியை உள்ளே சேர்த்துக்கொள்ளவும் சட்டம் இல்லை, வெளியே விட்டு வைக்கவும் சட்டம் இல்லை. அவர்கள் மண்டையைக் குடைந்துகொண்டு, கடைசியில் வீட்டு மொட்டை மாடியில் தனியாக அடைத்து வைக்கச் சொன்னார்கள். ஆக இரண்டு பேருக்கும் ஒரே நாளில் பணியிட மாற்றம்.

பெரியவர் விஷயத்தைக் கேட்டு இடிந்துபோய்விட்டார். ஆனால் அவர் யோசித்தது வேறு. "ஆபீஸ்ல சொன்னது போதும். ஊருக்குள்ள சொல்லாத. அப்புறம் ஒருத்தனும் உன்னை நம்பி எச்சம் கொண்டுவர மாட்டான், உன் வேலையே போயிடும். மெஷின்ல ஒண்ணும் தெரியலைன்னு விட்டுடு. அவன் தாங்கிக்குவான்."

"அவன் தாங்கிக்குவான் தாங்கிக்குவான்னுதான் எல்லாத்தையும் அவன் தலையிலயே வைக்கிறீங்க" என்றாளாம் அக்கா. பெரியவரை எதிர்த்து அவள் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவையாம்.

தீவன லாரி வருகிற நாளில் எங்களுக்கு அக்காவிடமிருந்து போன் வந்தது. என் வீட்டுக்காரர் வர மாட்டேன் என்றார். அக்கா போனை அவர் கையில் கொடுக்கச் சொல்லி, "அண்ணி கூப்பிடுறேன், வாடா" என்றாள். அதற்குமேல் அவரால் மறுக்க முடியவில்லை.

போனபோது அதே ஆட்கள் அதே இடத்தில் கூடியிருந்தார்கள். நாங்கள் வாசலுக்கு வெளியேயே நின்றோம். எதற்குக் கூப்பிட்டாள் என்று எனக்குத் தெரியாது. எங்களைக் கூட்டத்தில் வைத்து இன்னொரு தடவை அவமானப்படுத்தப் போகிறார்கள் என்று நினைத்து, சண்டைக்குத் தயாராகத்தான் நின்றேன். அக்கா ஆய்வகத்துக்குப் போகும் உடையிலேயே வந்து லாரிக்கு முன்னால் நின்றாள்.

"மூட்டையை இறக்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை. இந்தக் கொட்டகைக்கு நோய் வந்தது என் தம்பி கால்ல இல்ல. அவன் பண்ணையில இருந்தது வேற. இது நான் ஆய்வகத்துல இருந்து சட்டத்தை மீறிக் கொண்டுவந்த குஞ்சுல வந்துச்சு. என் சாப்பாட்டுப் பையில வந்துச்சு. அவனை வாசல்ல நிறுத்துன எல்லாரும் இனி என்னை நிறுத்துங்க."

 எல்லோரையும்விட வயதான பண்ணைக்காரர் ஒருவர், "எச்சக்காவே இப்படிப் பண்ணலாமாம்மா?" என்றார், திட்டுவது போல இல்லை, நிஜமாகவே தாங்க முடியாமல்.

"பண்ணிட்டேன்யா" என்றாள். 

அப்போதுதான் பெரியவர் முன்னால் வந்தார். கழுத்துத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கொண்டுவந்தது அவ. கொட்டகைக்குள்ள தோள்ல தூக்கிட்டுப் போனது நான். அவ கொட்டகை வாசல்ல கூட விட்டதில்ல." பிறகு தம்பியைப் பார்த்து, "நான்தான்டா. உன்னைப் பேசினது நான்தான்" என்றார்.  மனிதர் மன்னிப்பு கேட்டுப் பழக்கமில்லாதவர், எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை.

 என் வீட்டுக்காரர் நேராக லாரிக்குப் போய் ஒரு மூட்டையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கொட்டகையைப் பார்த்து நடந்தார்.

"டேய், செருப்பு!" என்று பெரியவர் பழக்க தோஷத்தில் கத்தினார். கூட்டமே சிரித்துவிட்டது. என் வீட்டுக்காரரும் சிரித்தார். எத்தனை நாளைக்குப் பிறகு அந்தப் பல்லைப் பார்க்கிறேன் என்று எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

எல்லோரும் போன பிறகு நானும் அக்காவும் சமையலறையில் டீ டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தோம். வெளியே அண்ணனும் தம்பியும் மரத்தூள் மாற்றுவதைப் பற்றி வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். லாரி வேலைக்கு வரவில்லை என்று சொல்ல வேண்டும் என்று எனக்கு நினைப்பு வந்தது. ஆனால் மனசில் வேறொன்று உறுத்திக்கொண்டே இருந்தது. கேட்காமல் விட்டிருக்கலாம், என் வாய் சும்மா இருக்காது.

"அக்கா, ஒருவேளை டைப் ஒண்ணா வந்திருந்தா? அவர் செருப்புலதான் வந்துச்சுன்னு மெஷின் சொல்லியிருந்தா? அதையும் இப்படித்தான் எல்லார் முன்னாடியும் சொல்லியிருப்பீங்களா?"

அவள் கையிலிருந்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"சொல்லியிருப்பேன்டி" என்றாள். "சொல்லிட்டு, நீங்க கிளம்புற அன்னிக்கு உங்க கூடவே நானும் வண்டியில ஏறியிருப்பேன்."